போர்நிறுத்தம் என்று போனில் செய்தி வந்தால்: குன்னூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதற்கு?

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் தெருவுக்கு இரண்டு வீடாவது ராணுவத்தோடு தொடர்புள்ள வீடாக இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இங்கே இருக்கிறது. ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் வெடிமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலையும் பக்கத்திலேயே. என் அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அண்ணன் இன்னும் பணியில் இருக்கிறான்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோது எங்கள் வீட்டில் யாரும் போனைக் கீழே வைக்கவில்லை. மே 10 சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் ‘போர் முடிந்தது’ என்று ஒரு செய்தி வந்தது. அம்மா விளக்கேற்றிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டு அழுதார். நான் அதே செய்தியை இருபது பேருக்காவது அனுப்பியிருப்பேன். ராத்திரி ஸ்ரீநகரில் வெடிச்சத்தம் என்று டிவி சொன்னது. அண்ணி திரும்பக் கூப்பிட்டு, “நீதானே முடிஞ்சிடுச்சுன்னு சொன்னே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று சாயங்காலம் வந்த செய்தி முழுப் பொய்யும் இல்லை. ஆனால் நடந்தது ஒன்று, நான் அனுப்பியது வேறொன்று. அந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு, அக்கம்பக்கத்தில் எந்த நாட்டுச் சண்டையைப் பற்றிச் செய்தி வந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

‘போர்நிறுத்தம்’ என்று செய்தி வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

இரண்டு வாயும் ஒரு கடிகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். சண்டை போடும் இரண்டு தரப்பும் தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்களா? எந்த நேரத்திலிருந்து என்று சொல்லியிருக்கிறார்களா? இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் செய்தி இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

மே 10ஐயே எடுத்துக்கொள்வோம். மாலை சுமார் 5.25க்கு அமெரிக்க அதிபர் டிரம்ப் தன் ட்ரூத் சோஷியல் பக்கத்தில், இரு நாடுகளும் முழுமையான, உடனடிப் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டதாக எழுதினார். அவர் சண்டை போடும் தரப்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் இஷாக் தார் ஆமாம் என்றார். அது ஒரு வாய். மாலை ஆறு மணி வாக்கில் நம் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி பேசினார். பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர், அதாவது டிஜிஎம்ஓ, பிற்பகல் 3.35க்கு நம் டிஜிஎம்ஓவை அழைத்தார்; தரை, வான், கடல் மூன்றிலும் துப்பாக்கிச் சூட்டையும் ராணுவ நடவடிக்கையையும் இந்திய நேரம் மாலை 5 மணியிலிருந்து நிறுத்த இருவரும் ஒப்புக்கொண்டார்கள்; மே 12 பகல் 12 மணிக்கு மறுபடி பேசுவார்கள். இரண்டாவது வாயும் வந்தது, கடிகாரமும் வந்தது.

அந்த அறிக்கையில் ‘போர் முடிந்தது’ என்று எங்கேயும் இல்லை. சுடுவதை நிறுத்துகிறோம், நாளை மறுநாள் பேசுகிறோம், அவ்வளவுதான். நான் ஐந்தரைக்கு அனுப்பாமல் ஆறேகால் வரை பொறுத்திருந்தால் அண்ணியிடம் சரியான வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

பெரிய நாட்டுத் தலைவரே எழுதினால் அது போதாதா?

போதாது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர்ப் பெரியவர் தேதி சொன்னாலும், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சொல்லாமல் நாம் மொய் எழுத முடியாது.

2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதியதில் இது நன்றாகத் தெரிந்தது. நம் நேரப்படி ஜூன் 24 அதிகாலையில் டிரம்ப், முழுமையான போர்நிறுத்தம் இன்னும் சில மணி நேரத்தில் தொடங்கும் என்று எழுதினார். அதற்குப் பிறகு ஈரான் வெளியுறவு அமைச்சர் அராக்சி, இந்த நிமிடம் வரை எந்த உடன்பாடும் இல்லை, ஆனால் டெஹ்ரான் நேரம் அதிகாலை 4 மணிக்குள் இஸ்ரேல் நிறுத்திவிட்டால் நாங்களும் தொடர விரும்பவில்லை என்று எழுதினார். பிறகு இஸ்ரேலும் ஒப்புக்கொண்டது. அன்றே ஒருவரையொருவர் மீறியதாகக் குற்றம் சாட்டினார்கள். ஆனாலும் நாள் முடிவதற்குள் சண்டை அடங்கியது.

அந்த அதிகாலையில் நீங்கள் போனைப் பார்த்திருந்தால், ‘போர்நிறுத்தம் வந்தாச்சு’, ‘போர்நிறுத்தம் பொய், ஈரான் மறுப்பு’ என்று இரண்டு செய்தியும் அடுத்தடுத்து வந்திருக்கும். அந்தந்த நிமிடத்தில் இரண்டுக்குமே ஆதாரம் இருந்தது. அதனால் யார் சொன்னார் என்பதோடு எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதையும் சேர்த்தே அனுப்புங்கள். மணி போடாத போர்நிறுத்தச் செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

அப்போது கூடலூர், பந்தலூர் பக்கத்து வீடுகளில் இன்னொரு கவலையும் இருந்தது. முந்தின நாள் ராத்திரி கத்தாரில் இருக்கும் அமெரிக்காவின் அல் உதைத் விமானத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரு குரல் வந்தால் போதும் என்று அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் போய்ச் சேரும் ஒரு வரியும் கவனமாக எழுதியதாக இருக்க வேண்டும்.

இரண்டு நாடும் வேறு வேறு மாதிரி சொன்னால் யாரை நம்புவது?

முதலில் அவர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் மோதுகிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். ‘சுடுவது நின்றதா’ என்பது ஒரு கேள்வி. ‘யாரால் நின்றது’ என்பது இன்னொன்று. ‘யார் முதலில் கேட்டார்’ என்பது மூன்றாவது. ஒரே பார்வர்டில் மூன்றையும் கலந்துவிடுகிறார்கள்.

2025 மே விஷயத்தில் சுடுவதை நிறுத்தியதில் இரு நாடுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தான் மத்தியஸ்தம் செய்ததாக டிரம்ப் பலமுறை சொன்னார், பாகிஸ்தான் அவருக்கு நன்றி சொன்னது. இரண்டு டிஜிஎம்ஓக்களும் நேரடியாகப் பேசி முடித்தது, மூன்றாவது ஆள் இல்லை என்று இந்தியா சொன்னது. நம் அரசு தேர்ந்தெடுத்த சொல்லையும் கவனியுங்கள். துப்பாக்கிச் சூட்டையும் ராணுவ நடவடிக்கையையும் நிறுத்துவது பற்றிய ‘புரிந்துணர்வு’ என்றுதான் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் எழுதினார். போர்நிறுத்தம் என்ற சொல்லை நாம்தான் எளிதாக இருக்கிறதே என்று போட்டுக்கொள்கிறோம்.

சந்தேகத்துக்கு இடமே இல்லாத அறிவிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க 2021 பிப்ரவரி 25ஐப் பாருங்கள். இந்தியா, பாகிஸ்தான் டிஜிஎம்ஓக்கள் கூட்டறிக்கை விட்டார்கள். ஒரே வாசகம், இரண்டு தலைநகரிலும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலும் மற்றப் பகுதிகளிலும் பிப்ரவரி 24/25 நள்ளிரவு முதல் என்று நேரமும் இருந்தது. 2003 நவம்பரில் வந்த பழைய சண்டை நிறுத்தத்தைப் புதுப்பித்தது அது. எங்கள் அப்பா அதைப் படித்துவிட்டு, “இதுல இரண்டு பேரும் ஒரே காகிதத்தைப் படிக்கிறாங்க, அதான் நம்பறேன்” என்றார்.

ஒரு நாடு மட்டும் தானாக அறிவித்தால்?

அது ஒருதலை அறிவிப்பு. செய்தியை அனுப்பும்போது அப்படியே சொல்லுங்கள். 2025 ஏப்ரல் 19 அன்று ரஷ்ய அதிபர் புதின் ஈஸ்டருக்காக 30 மணி நேரம் தாக்குதலை நிறுத்துவதாக அறிவித்தார், மாஸ்கோ நேரம் மாலை 6 மணி முதல். ரஷ்யா நிறுத்தினால் நாங்களும் நிறுத்துவோம் என்று உக்ரைன் சொன்னது. பிறகு இருவரும் மாறி மாறி மீறல் கணக்குச் சொன்னார்கள். இதை ‘ரஷ்யா-உக்ரைன் போர்நிறுத்த ஒப்பந்தம்’ என்று எழுதினால் தவறு.

ஆனால் ஒருதலை அறிவிப்பு எல்லாமே வெற்று வார்த்தை என்றும் நினைக்க வேண்டாம். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும், மேற்கு எல்லையில் மறுநாள் இரவு 8 மணி முதல் சண்டையை நிறுத்துவதாக இந்திரா காந்தி தாமாக அறிவித்தார். அடுத்த நாள் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் ஏற்றுக்கொண்டார், போர் நின்றது. அன்று ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு நம் குன்னூரில்தான் வாழ்ந்தார், 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அவர் காரில் போவதைப் பார்த்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்ட அந்த நிமிடத்தில்தான் ஓர் அறிவிப்பு போர்நிறுத்தமாகிறது என்பதை என் அப்பா அந்தத் தேதிகளை வைத்துத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரே நிமிடம் ஊருக்கு ஊர் வேறு மணி காட்டும். பாகிஸ்தான் நேரம் நமக்கு அரை மணி பின்னால். நம் மாலை 5 மணி அங்கே 4.30. டெஹ்ரான் நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால், மாஸ்கோ இரண்டரை. டெஹ்ரானில் அதிகாலை 4 என்றால் குன்னூரில் காலை 6. ‘4 மணிக்கே நின்றிருக்க வேண்டுமே, 5 மணிக்கு ஏன் சுட்டார்கள்’ என்று கோபப்படுவதற்கு முன் அது யார் வீட்டுக் கடிகாரம் என்று கேளுங்கள்.

நள்ளிரவு என்ற சொல் இன்னும் மோசம். ‘28ஆம் தேதி நள்ளிரவு’ என்றால் 27 முடியும் நேரமா, 28 முடியும் நேரமா? 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் மலேசியாவின் புத்ரஜாயாவில் பேசி ஒப்புக்கொண்ட சண்டை நிறுத்தம் ஜூலை 28 முடியும் நள்ளிரவில் தொடங்கியது. நம் கணக்கில் 28 இரவு 10.30. மேலே சொன்ன கூட்டறிக்கையில் ‘24/25 நள்ளிரவு’ என்று இரண்டு தேதியையும் போட்டது இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான். நீங்களும் அப்படியே எழுதலாம்.

கையெழுத்துப் போட்ட பிறகும் குண்டு விழுகிறதே, அப்படியென்றால் செய்தி பொய்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் அண்ணிக்கு நான் அன்று பதில் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையெழுத்தாகும் நேரமும் அமலாகும் நேரமும் ஒன்றல்ல. கொரியாவில் 1953 ஜூலை 27 காலை 10 மணிக்குக் கையெழுத்தானது, இரவு 10 மணிக்குத்தான் அமலுக்கு வந்தது. நடுவில் இருந்த 12 மணி நேரமும் சண்டை நேரம்தான். முதல் உலகப் போரில் 1918 நவம்பர் 11 அதிகாலை 5 மணி வாக்கில் கையெழுத்து, பகல் 11 மணிக்கு அமல். அமெரிக்கச் சிப்பாய் ஹென்றி கன்தர் 10.59க்கு இறந்தார். ஒரு நிமிடம். ராணுவத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்ட எனக்கு மனம் வராது.

அமலான பிறகு நடப்பது மீறல். மீறல் நடந்ததால் உடன்பாடே இல்லை என்று ஆகாது. 2025 மே 10 இரவு 11 மணி வாக்கில் மிஸ்ரி மறுபடி வந்து, கடந்த சில மணி நேரமாக பாகிஸ்தான் தரப்பில் தொடர்ந்து மீறல் நடக்கிறது, நம் படை பதிலடி கொடுக்கிறது என்றார். பாகிஸ்தான் தன் பக்கம் தான் கடைப்பிடிப்பதாகச் சொன்னது. மறுநாள் எல்லை பெருமளவு அமைதியானது. அந்த இரவில் ‘போர்நிறுத்தம் முறிந்தது’ என்று எழுதியவர்களும் அவசரப்பட்டார்கள், சாயங்காலம் ‘போர் முடிந்தது’ என்று அனுப்பிய நானும் அவசரப்பட்டேன்.

சில சமயம் மீறல் உண்மையிலேயே பெரிதாக இருக்கும். உக்ரைனில் அரசுப் படைக்கும் ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சியாளர்களுக்கும் நடுவே வந்த மின்ஸ்க் இரண்டாவது உடன்பாட்டின்படி 2015 பிப்ரவரி 15 தொடங்கும் நள்ளிரவில் சண்டை நிற்க வேண்டும். டெபால்ட்சேவ் நகரைச் சுற்றி நிற்கவே இல்லை. 18ஆம் தேதி உக்ரைன் படை அங்கிருந்து வெளியேற வேண்டியிருந்தது. காகிதத்தில் போர்நிறுத்தம், களத்தில் நகரமே கைமாறியது.

சட்டம் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறது. 1907 ஹேக் விதிகளில் 36ஆவது பிரிவு, காலம் குறிப்பிடாத போர்நிறுத்தத்தில் எந்தத் தரப்பும், ஒப்புக்கொண்டபடி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, மறுபடி சண்டையைத் தொடங்கலாம் என்கிறது. 40ஆவது பிரிவின்படி, ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மற்றது உடன்பாட்டிலிருந்து விலகலாம். 41ஆவது பிரிவு தனி ஆட்கள் தாங்களாகச் செய்யும் மீறலை வேறாக வைக்கிறது. அங்கே குற்றவாளியைத் தண்டிக்கச் சொல்லலாம், நஷ்டஈடு கேட்கலாம், உடன்பாட்டை உடைக்கக் காரணமாக்க முடியாது. ஆகவே ‘ஒரு குண்டு வெடித்தது’ என்ற செய்திக்கும் ‘உடன்பாடு முடிந்தது’ என்ற செய்திக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. இரண்டாவதை யாராவது ஒரு தரப்பு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தற்காலிகம் என்கிறார்கள். என்றைக்கு முடியும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலம் சொல்லியிருந்தால் அறிக்கையில் இருக்கும். சொல்லவில்லை என்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாமாக ஒரு தேதியைக் கணக்குப் போடக்கூடாது.

2025 மே 18 ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு தேதி கிளம்பியது. ‘இன்றோடு போர்நிறுத்தம் முடிகிறது’ என்று காலையிலிருந்தே ஓடியது. பெட்போர்டு பக்கம் மளிகைக் கடையில் ஒரு அக்கா ஐந்து கிலோ கூடுதலாக அரிசி வாங்கிக்கொண்டு போனார். அன்று ராணுவமே விளக்கம் கொடுத்தது: மே 12 பேச்சில் ஒப்புக்கொண்ட சண்டை நிறுத்தத்துக்கு முடிவுத் தேதி எதுவும் இல்லை, அன்று டிஜிஎம்ஓ பேச்சும் ஏற்பாடாகவில்லை.

முடியும் விதத்தை முதலிலேயே எழுதிவைத்த உடன்பாடுகளும் உண்டு. நமக்கு நெருக்கமானது இலங்கை. அது இரு நாடுகளுக்கு நடுவே நடந்ததல்ல, அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் 2002 பிப்ரவரியில் நார்வே துணையோடு நடந்தது. ஆனால் படிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. விலக விரும்பும் தரப்பு 14 நாள் முன்னதாக நார்வேக்கு அறிவிக்க வேண்டும் என்று ஷரத்து இருந்தது. 2008 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை அரசு அந்த அறிவிப்பைக் கொடுத்தது, ஜனவரி 16 அன்று உடன்பாடு முடிந்தது, கண்காணிப்புக் குழுவும் கிளம்பியது.

சிறீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கோத்தகிரி பக்கம் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு ஐயாவை எனக்குத் தெரியும். அவருடைய சொந்தங்கள் வவுனியாவில். எந்தப் போர்நிறுத்தச் செய்தியைக் காட்டினாலும், “கண்காணிக்க யார் இருக்காங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எவ்வளவு நல்ல கேள்வி! உக்ரைனில் 2014 முதல் 2022 வரை ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பின் பார்வையாளர்கள் நாள்தோறும் அறிக்கை எழுதினார்கள். காஷ்மீரில் 1949 முதல் ஐ.நா. பார்வையாளர் குழு இருக்கிறது, ஆனால் 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு அதற்கு வேலை இல்லை என்பது இந்தியாவின் நிலை. நடுவில் யாரும் இல்லாத இடத்தில் மீறல் கணக்கு எல்லாமே ஏதாவது ஒரு தரப்பின் கணக்குதான் என்பதை மறக்கக்கூடாது.

வீடியோ இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்கிறார்களே?

2025 மே மாதம் நம் போன்களில் ஓடியவற்றில் ஒன்று 2020இல் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிப்பு. அதை பாகிஸ்தான் ஏவுகணை என்று போட்டார்கள், மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு மறுத்தது. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகளும் விமானச் சண்டை என்று சுற்றின. பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இரண்டு விமானங்களை இழந்ததாக ஒப்புக்கொள்ளும் வீடியோ, ஏஐ வைத்துச் செய்த போலி.

செய்ய வேண்டியது எளிது. வீடியோவை ஓடவிட்டு, தெளிவான ஓர் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் பழைய தேதியில் கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்கவில்லை என்றால் அது உண்மை என்று அர்த்தமில்லை, பழையது என்று நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏஐ சாட்பாட்டிடம் கேட்கலாமா?

தேதி, நேர வித்தியாசம் கணக்குப் போட உதவும். இப்போது நடப்பதை அதனிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அந்த மே மாதத்திலேயே எக்ஸ் தளத்தின் குரோக், சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்தின் பழைய வீடியோவை பாகிஸ்தானின் நூர் கான் விமான தளத் தாக்குதல் என்று சொன்னது.

சாட்டிலைட் படத்தில் தீப்புள்ளி தெரிகிறது என்று ஒருவர் அனுப்பினார். அது ஆதாரம்தானே?

நம் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பிப்ரவரி, மார்ச்சில் முதுமலை, மசினகுடி பக்கம் காட்டுத்தீ பிடித்தால் வனத்துறைக்கு எச்சரிக்கை போகிறதே, அதே செயற்கைக்கோள் தகவல்தான் நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வருகிறது. அது சூட்டைத்தான் பார்க்கிறது. எரிவது குண்டு விழுந்த கிடங்கா, விவசாயி கொளுத்திய அறுவடைத் தாளா என்று அதற்குத் தெரியாது. ஒரு புள்ளி என்பது சுமார் 375 மீட்டர் அகலம். மேகம் மூடினால் ஒன்றுமே தெரியாது. செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்தில் மட்டும்தான் பார்க்கும். சண்டை நிறுத்தத்துக்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் ஒப்பிடுகிறவர்களுக்கு அது உதவும். ஒற்றைப் புள்ளியை வைத்து ‘மீறல்’ என்று சொல்ல முடியாது.

விமான நிலையங்கள் நல்ல அறிகுறி. 2025 மே மாதம் வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை மூடினார்கள், மே 15 வரை என்று அறிவித்திருந்தவற்றை 12ஆம் தேதியே திறந்தார்கள். தங்கள் விமானத்தையும் பயணிகளையும் பணயம் வைத்து முடிவெடுப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது, வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் சொல்வதைவிட நம்பிக்கையானது.

எல்லா டிவியும் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாமா?

எல்லோரும் ஒரே ஆளைக் கேட்டுச் சொல்கிறார்களா என்று பாருங்கள். 1918 நவம்பர் 7 அன்று, பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து யுனைடெட் பிரஸ் தலைவர் ராய் ஹோவர்ட் போர் முடிந்ததாகத் தந்தி கொடுத்தார். நியூயார்க்கில் பத்திரிகைகள் சிறப்புப் பதிப்பு போட்டன, ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். உண்மையான போர்நிறுத்தம் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. ஆயிரம் பத்திரிகை போட்டாலும் மூலம் ஒரே தந்திதான்.

நம் ஊரிலும் இது நடந்தது. 2021 டிசம்பர் 8 பகலில் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது. விமானப் படை அவருடைய மரணத்தை உறுதி செய்தது மாலை ஆறு மணி வாக்கில். நடுவில் எங்கள் போன்களில் வந்த எண்ணிக்கை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. புகையைக் கண்ணால் பார்த்த நாங்களே சாயங்காலம் வரை காத்திருந்தோம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதற்குக் காத்திருக்க முடியாதா?

தேயிலை விலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. குன்னூர் ஏலத்தில் விற்கும் தேயிலையில் ஒரு பங்கு ரஷ்யாவுக்கும் மேற்காசியாவுக்கும் போகிறது. கப்பல் வழி மூடினாலோ பணம் வர வழி இல்லாமல் போனாலோ வாங்குகிறவர் கை இழுத்துக்கொள்ளும். ஆனால் ‘போர்நிறுத்தம் வந்துவிட்டது, அடுத்த வாரம் பச்சைத் தேயிலை விலை ஏறும்’ என்று யாராவது சொன்னால் அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள். துப்பாக்கி நின்றதும் தடைகளும் காப்பீட்டுக் கட்டணமும் தானாகக் குறையாது. ஏல அறிக்கை வரும் வரை பொறுங்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளை எல்லையில் இருக்கிறான். அவன் சொல்வதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா?

அவன் சொல்வது அவன் நிற்கும் இடத்துக்கு உண்மை. அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் எந்த யூனிட், எந்த ஊர் என்று நான் மேலே எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். படை நகர்வையும் நடவடிக்கையையும் நேரலையாகக் காட்டக்கூடாது என்று மத்திய அரசு 2025 ஏப்ரலில் ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது, கார்கிலையும் மும்பைத் தாக்குதலையும் காந்தஹார் கடத்தலையும் உதாரணம் காட்டி. வெலிங்டன் சாலையில் வண்டி போவதைப் பார்த்து வீடியோ எடுக்கும் தம்பிகளுக்கும் அது பொருந்தும். ‘அங்கே அமைதியா இருக்காம், எங்க பையன் சொன்னான், இந்த இடத்துல இருக்கான்’ என்று குழுவில் எழுதினால், சண்டை நின்றதா என்பது ஊருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவன் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

தவறான செய்தியை அனுப்பிவிட்டேன். என்ன செய்வது?

அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். படித்தவர் மனதில் அது இருக்கும். அனுப்பிய அதே குழுவில், அதே ஆட்களுக்கு, ‘நான் இத்தனை மணிக்கு அனுப்பியது சரியில்லை, இப்போது இரு தரப்பும் சொல்லியிருப்பது இது’ என்று எழுதுங்கள். மே 10 ராத்திரி நான் இருபது பேரையும் தேடித் தேடி அப்படி எழுதினேன். முதலில் அண்ணிக்குக் கூப்பிட்டேன். சுடுவதை நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மீறல் நடக்கிறது என்று அரசே சொல்கிறது, 12ஆம் தேதி மறுபடி பேசுகிறார்கள், இதுவரை தெரிந்தது இவ்வளவுதான் அண்ணி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, 12ஆம் தேதி வரைக்கும் நான் டிவி போட மாட்டேன், நீ பார்த்துச் சொல்லு” என்றார்.

தமிழில் எங்கே சரிபார்க்கலாம்?

வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் அறிக்கை ஆங்கிலத்தில் முழுசாகவே கிடைக்கும், படித்துச் சொல்ல வீட்டில் ஒரு கல்லூரிப் பிள்ளை போதும். பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு இருக்கிறது. 2025 மே மாதம் ‘ஏடிஎம்கள் இரண்டு மூன்று நாள் மூடப்படும்’ என்று வந்ததை அவர்கள்தான் பொய் என்றார்கள். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும், யூடர்ன் போன்ற தளங்களும் தமிழிலேயே எழுதுகின்றன. அரசுத் தரப்பு தன் அரசின் பக்கத்திலிருந்துதான் பார்க்கும் என்பதால், எதிர்த்தரப்பு நாட்டின் வெளியுறவு அமைச்சகம் என்ன சொன்னது என்பதையும் ஒரு செய்தி நிறுவனத்தில் பாருங்கள். மழையில் சிக்னல் போய்விட்டால் வானொலிச் செய்தியைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்பா இன்றும் அதைக் கேட்ட பிறகுதான் காலண்டரில் குறிக்கிறார்.